பதினாறாம் தேதி

மாதாமாதம் பத்தாம் தேதி, விடியும் முன்
ஆலையின் குளிர் அறையில்
நான் மீன்துண்டங்களை அட்டைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருக்கும்போது
என் கணக்கிலிருந்து முப்பத்தொரு பவுண்டு
தானே இறங்கிப் போகும்.
கதவு கிறீச்சிடாது. காலடி கேட்காது.
திருட்டைத் தடுக்கும் கம்பெனிக்கு
அப்படி ஒரு கைப்பழக்கம்.

கிரிம்ஸ்பியில் துறைமுகத்துக்குப் பின்தெரு.
வாசலுக்கு மேலே மஞ்சள் பெட்டி,
கூடத்து மூலையில் பச்சைக் கண்.
மூன்று வருட ஒப்பந்தம்.
போடச் சொன்னது லேட்டன், போட்டது நான்.
"உனக்கு இரவு ஷிப்ட், எனக்குக் கடலில் காற்றாலை வேலை.
வீட்டை யார் பார்ப்பது?"

பார்த்தது.
ஜூனில் அவன் சாவியோடு வந்ததைப் பார்த்தது.
நான்கு இலக்கத்தை அழுத்தினான்,
எங்கள் நாய் பிறந்த வருடம்.
பச்சைக் கண் ஒருமுறை சிமிட்டி வழிவிட்டது.
டிவி போனது. சோபா போனது.
சுவரில் டிவி இருந்த இடம் மட்டும் வெளுப்பாக நின்றது.
நாயும் போனது, வாலை ஆட்டிக்கொண்டே.
மஞ்சள் பெட்டி மூச்சு விடவில்லை.

அதன் பிறகும் ஆறு மாதம்
எடுக்க ஒன்றுமில்லாத வீட்டை
எவனும் எடுத்துவிடாதபடி
காசு கொடுத்துக் காத்தேன்.

டிசம்பரில், ஒன்பதாம் தேதி,
பஸ்ஸின் மேல்தளத்தில், கையுறையைப் பல்லால் உருவி
வங்கிச் செயலியைத் திறந்தேன்.
சம்பளம் பதினைந்துக்குத்தான்.
கணக்கில் இருந்தது நாற்பத்து இரண்டு.
டைரக்ட் டெபிட்டை ரத்து செய்யவா, என்றது.
நிச்சயமாகவா, என்றது.
கல்யாணப் பதிவின்போதுகூட
என்னை இரண்டு தடவை யாரும் கேட்கவில்லை.
அழுத்தினேன்.
கீழே பொடி எழுத்தில் ஒரு வரி:
இது உங்கள் ஒப்பந்தத்தை முடிக்காது.
அதற்குள் என் நிறுத்தம் வந்துவிட்டது.

முதல் கடிதம் 'அன்புள்ள' என்று தொடங்கியது.
இரண்டாவதில் அன்பைக் காணோம்.
மூன்றாவது சிவப்பில்:
மீதி ஏழு மாதம், இருநூற்றுப் பதினேழு பவுண்டு, ஒரே தவணையில்.
கூடவே, தொலைநிலைக் கண்காணிப்பு நிறுத்தப்பட்டது
என்றொரு தகவல்.

நிறுத்தியவர்கள் சைரனை மறந்துவிட்டார்கள்.
ஜனவரியில் ஓர் இரவு, எனக்கு விடுப்பு,
பச்சைக் கண்ணின் மேல் ஒரு சிலந்தி நடந்தது.
தெரு முழுக்க அலறல்.
வந்தது போலீஸ் இல்லை, கம்பெனி இல்லை,
பக்கத்து வீட்டு வைடோடஸ்,
பனியில் வெறுங்காலோடு.
திருடனா என்று கேட்கவில்லை.
"நாலு மணிக்கு எனக்கு ஷிப்ட்" என்றான்,
நாற்காலியில் ஏறி ஒயரைப் பிடுங்கினான்,
குட்நைட் கூடச் சொல்லாமல் போனான்.
சிலந்தி தப்பித்துவிட்டது.

மறுநாள் நானே போன் செய்தேன்.
நாற்பது நிமிடம் பியானோ இசை.
பிறகு ஆல்ஃபி என்றொரு பையன்,
வடக்கத்திப் பேச்சு, தொண்டையில் சளி.
"மிஸஸ் பிக்கர்ட்டன், நீங்கள் நிறுத்தியது பணத்தை.
ஒப்பந்தம் அப்படியேதான் இருக்கிறது."
தெரியும், என்றேன்.
எனக்கு அது புதிதில்லை.
லேட்டன் போன பிறகும்
காகிதத்தில் நான் மிஸஸ் பிக்கர்ட்டன்தானே.

அவன் எதையோ தட்டினான், இருமினான்.
"மாதம் எவ்வளவு முடியும்?"
இருபது.
பத்து மாதம் இருபது, பதினோராவது மாதம் பதினேழு.
ஒப்பந்தம் முடிந்த பிறகும்
அதற்குக் கட்டிக்கொண்டிருப்பேன்.
அதைச் சொல்லி இருவரும் கொஞ்சம் சிரித்தோம்.
"டைரக்ட் டெபிட் போடட்டுமா?"
வேண்டாம்.
ஸ்டாண்டிங் ஆர்டர். நானே போடுகிறேன்.

ஆல்ஃபிக்கு இரண்டும் ஒன்றுதான்.
அது அவர்கள் எடுப்பது.
இது நான் கொடுப்பது.
தேதி கேட்ட கட்டத்தில்
பதினாறு என்று நிரப்பினேன்.
பதினைந்தாம் தேதி ராத்திரி
ஒரே ஒரு ராத்திரி
சம்பளம் முழுசாகக் கணக்கில் கிடக்கும்.